தாராவி தரையான கதை

நாகர்கோவிலில் ரயிலேறி மும்பைக்கு வருகிறவர்கள் கல்யாண் தாண்டியதுமே இறங்கத் தயாராகிவிடுவார்கள். சீட்டுக்கடியில் கிடந்த அட்டைப்பெட்டிகளும் கருப்பட்டிப் பைகளும் கதவுப் பக்கம் நகரும். அந்தப் பரபரப்பில், பார்சிக் குகையை விட்டு வெளியே வந்த ரயில், தானே ஸ்டேஷனுக்குச் சற்று முன்னால் ஓர் உப்புநீர்க் கழியின் மேல் தடதடத்துப் போவதை யாரும் கவனிப்பதில்லை. இந்தியப் பெருநிலம் அந்தப் பாலத்தோடு முடிந்துவிடுகிறது. அதற்கு மேற்கே இருப்பது தீவு.

அதன் பெயர் சால்செட். வடக்கே உல்லாஸ் ஆறு கடலில் சேரும் வசாய் கழி, கிழக்கே தானே கழி, மற்ற இரு பக்கமும் அரபிக் கடல். பரப்பு 600 சதுர கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். 2011 கணக்கெடுப்பின்படி மும்பை மாநகரத்தில் மட்டும் 1 கோடியே 24 லட்சம் பேர். அதே தீவிலுள்ள மீரா-பாயந்தரையும் தானேயின் பெரும்பகுதியையும் சேர்த்தால் ஒன்றரைக் கோடியைத் தொட்டுவிடும். இலங்கையின் பரப்பு 65,610 சதுர கிலோமீட்டர், மக்கள் இரண்டு கோடிக்குச் சற்று மேல். மொரீஷியஸ் 2,040 சதுர கிலோமீட்டர், பதின்மூன்று லட்சத்துக்கும் குறைவு. தனிக்கொடியும் பாஸ்போர்ட்டும் கிடையாதே தவிர, ஒரு தீவு நாட்டுக்குரிய தலைவலிகள் அத்தனையும் மும்பைக்கு உண்டு. நிலம் போதாது, கடல் விடாது, மழை பெய்தால் வடிய இடம் இல்லை.

இந்தத் தீவில் தமிழர்கள் எங்கெங்கே இருக்கிறார்கள் என்று கேட்டால் தாராவி, மாட்டுங்கா, செம்பூர் என்று பதில் வரும். வேலை, ரயில் வசதி, சொந்தக்காரர்கள் என்று அதற்குக் காரணமும் சொல்வார்கள். எல்லாம் உண்மைதான். ஆனால் இந்த மூன்று இடங்களையும் பழைய வரைபடத்தில் தேடினால் இன்னொரு காரணம் தெரிகிறது. மூன்றுமே சதுப்பின் ஓரங்கள். யாருக்கு எந்த உயரத்தில் இடம் கிடைத்தது என்பதில்தான் மும்பைத் தமிழரின் பாதி வரலாறு இருக்கிறது.

கதையைக் கல்லிலிருந்து தொடங்க வேண்டும். சுமார் 6 கோடியே 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பு, டைனோசர்கள் அழிந்த காலத்தை ஒட்டி, இன்றைய மகாராஷ்டிரத்தில் தரை பிளந்து எரிமலைக் குழம்பு அடுக்கடுக்காகப் பரவியது. ஆறிய குழம்புதான் பசால்ட் பாறை. இன்றைக்கும் அது ஐந்து லட்சம் சதுர கிலோமீட்டரை மூடிக் கிடக்கிறது. அந்தேரியில் கட்டடங்களுக்கு நடுவே அறுபது மீட்டர் உயரத்துக்குச் செங்குத்தாக நிற்கும் கில்பர்ட் குன்று அதில் ஒரு துண்டு. ஒரு குழம்புக்கும் அடுத்த குழம்புக்கும் இடையில் நீண்ட இடைவெளிகள் இருந்தன. அப்போது குளங்கள் உண்டாயின; குளங்களில் தவளைகள் வாழ்ந்தன. வொர்லிக் குன்றில் கிடைத்த அந்தத் தவளைகளின் புதைபடிவங்களை ஆங்கிலேய விலங்கியலாளர் ரிச்சர்ட் ஓவன் 1847-ல் விவரித்து எழுதினார். மும்பையின் சதுப்பில் முதலில் குடியேறியவர்கள் என்று அவற்றைத்தான் சொல்லவேண்டும்.

குழம்பு அடங்கிவரும் நேரத்தில், சுமார் 6 கோடியே 30 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பு, மும்பைக்கு மேற்கே ஒட்டிக்கொண்டிருந்த நிலம் பிய்த்துக்கொண்டு போனது. நடுவே புதிய கடல் திறந்தது. அப்படிப் போன துண்டின் மிச்சம்தான் இன்றைய சேஷல்ஸ் நாடு. அதன் தலைநகர் விக்டோரியாவில் தமிழர்கள் நவசக்தி விநாயகருக்குக் கோபுரம் வைத்துக் கோயில் கட்டியிருக்கிறார்கள். பிரிந்துபோன நிலத்தின் இரண்டு பக்கமும் நம் ஆட்கள் போய்ச் சேர்ந்தது தற்செயல்தான் என்றாலும், நினைத்துப் பார்க்கச் சுவையாக இருக்கிறது. அந்த முறிவினால் இந்தப் பக்கத்துக் கரையும் சரிந்தது. மும்பையின் பாறை அடுக்குகள் கடலை நோக்கிச் சாய்ந்து கிடப்பது அதனால்தான்.

கடைசிப் பனியுகம் உச்சத்தில் இருந்தபோது, ஏறக்குறைய 20,000 ஆண்டுகளுக்கு முன்பு, உலகெங்கும் கடல்மட்டம் இன்றைக்கு இருப்பதைவிட 120 மீட்டர் அளவுக்குத் தாழ்ந்திருந்தது. பனி உருகிக் கடல் ஏறியபோது பள்ளங்கள் மூழ்கின, மேடுகள் மிஞ்சின. 1870-களில் பிரின்ஸ் துறைமுகத் தளத்துக்குத் தோண்டியபோது, ஏற்றநீர் மட்டத்துக்கு வெகு கீழே, சேற்றுக்குள் வேரோடு நின்ற மரங்கள் வெளிப்பட்டன. கருங்காலிக் காடு ஒன்று கடலுக்கடியில் போயிருந்தது.

இன்றைய தீவின் தென்பகுதியில் மிஞ்சிய மேடுகள் இரண்டு வரிசை. மேற்கே மலபார் குன்றிலிருந்து வொர்லி வரை ஒன்று. கிழக்கே மஜ்காவிலிருந்து சிவ்ரி, ஆன்டாப் ஹில் வழியாக சயான் வரை இன்னொன்று. நடுவே பள்ளம். ஏற்றத்தின்போது பள்ளத்தில் கடல் புகும். வற்றத்தில் சேறு தெரியும். கொலாபா, சின்னக் கொலாபா, பம்பாய், மஜ்காவ், பரேல், வொர்லி, மாஹிம் என்று ஏழு தீவுகளாக அந்தக் காலத்தில் எண்ணியது இந்த மேடுகளைத்தான். மாட்டுங்கா, தாராவி, சயான் மூன்றும் பரேல் தீவின் வடகோடி. செம்பூர் இந்த ஏழில் சேராது. அது கிழக்கே தனியாகக் கிடந்த டிராம்பே தீவைச் சேர்ந்தது.

கோலி மீனவர்கள்தான் இங்கே பழங்குடிகள். 1534-ல் இந்தத் தீவுகள் போர்த்துகீசியர் கைக்கு வந்தன. 1661-ல் போர்த்துகீசிய இளவரசி கேதரினை இங்கிலாந்து அரசர் இரண்டாம் சார்லஸுக்குக் கட்டிக்கொடுக்க ஒப்பந்தமானபோது பம்பாய் சீதனமாகப் போனது. வந்த சீதனத்தை என்ன செய்வதென்று தெரியாத அரசர், 1668-ல் ஆண்டுக்கு 10 பவுன் வாடகைக்குக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு விட்டார். அதன்பிறகு நடந்தது ஒரே வேலை: உடைப்புகளை அடைப்பது. வொர்லிக்கும் பம்பாய்க்கும் இடையில் கடல் புகுந்த பெரிய வாயை கவர்னர் வில்லியம் ஹார்ன்பி காலத்தில், 1780-களில், கரை போட்டு மூடினார்கள். குன்றுகளை வெட்டிப் பள்ளத்தில் கொட்டினார்கள். 1860-களில் அமெரிக்க உள்நாட்டுப் போரால் பருத்திப் பணம் கொழித்தபோது, கடலைத் தூர்க்கக் கம்பெனிகள் முளைத்தன. போர் முடிந்த 1865-ல் அவை திவாலாயின. பிறகும் தூர்ப்பது நிற்கவில்லை. மெரைன் டிரைவ் வரை அந்தக் கதை எல்லாரும் அறிந்ததே.

அதிகம் பேசப்படாதது வடக்கு முனை. தாராவியில் காலா கில்லா பஸ் நிறுத்தத்தில் இறங்கி, சந்துக்குள் விசாரித்துக்கொண்டு போனால் கறுத்த கல்லாலான சின்னக் கோட்டை ஒன்று வீடுகளுக்கு நடுவே நிற்கிறது. அதற்கு வாசல் கிடையாது. உள்ளே போக வேண்டுமானால் ஏணி போட்டுத்தான் ஏற வேண்டும். 1737-ல் கவர்னர் ஜான் ஹார்ன் உத்தரவில் கட்டியது என்று சுவரில் கல்வெட்டு இருக்கிறது. அந்த ஆண்டுதான் மராட்டியப் படை, கழிக்கு வடக்கே அப்போது தனித்தீவாக இருந்த சால்செட்டில் போர்த்துகீசியரைத் தாக்கத் தொடங்கியது. ஆங்கிலேயரின் தீவு முடிந்து மாற்றான் தீவு தொடங்கும் கழியின் கரையில் அவர்கள் வைத்த காவல் அது. இன்றைக்கு அந்தக் கரையைக் காண வேண்டுமானால் பல சந்துகளைக் கடக்க வேண்டும். கோட்டை இடம் மாறவில்லை. தண்ணீர் பின்வாங்கிவிட்டது.

பின்வாங்கியதற்குக் காரணம் இரண்டு பாலக்கரைகள். 1805-ல் சயானையும் குர்லாவையும் இணைத்து ஒரு கரைச்சாலை வந்தது. 1840-களில் வணிகர் ஜம்ஷெட்ஜி ஜீஜீபாய் குடும்பத்தின் பணத்தில் மாஹிமுக்கும் பாந்த்ராவுக்கும் நடுவே இன்னொன்று. கிழக்கே ஒன்று, மேற்கே ஒன்று. இரண்டுக்கும் இடையில் அகப்பட்டது தாராவிக் கழி. ஓடும் தண்ணீர்தான் மண்ணைச் சுமக்கும். வேகம் குறைந்தால் சுமையை இறக்கிவிடும். முன்பு இரு முனையிலும் தாராளமாகப் போய்வந்த ஏற்றநீர், இடுக்கு வழியே மட்டும் வந்துபோகத் தொடங்கியதும் வண்டல் படிந்தது. கழி சதுப்பானது. 1909-ல் வெளியான பம்பாய் கெசட்டியர், தாராவியை நகரின் ஆறு பெரிய கோலிவாடாக்களில் ஒன்றாகக் குறிக்கிறது. மீனவர் ஊர் அது. ஆனால் மீன் பிடிக்கும் தண்ணீர் அதற்குள் சுருங்கத் தொடங்கியிருந்தது.

இந்தச் சதுப்பின் ஓரத்துக்குத்தான் திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிடுகிறவர்கள் வந்தார்கள். நகரம் தன் மூக்கைப் பிடித்துக்கொண்டு விரட்டிய தொழில் அது. உப்பும் தண்ணீரும் நிறைய வேண்டும், நாற்றம் தாங்கும் அக்கம்பக்கம் வேண்டும். மாடு அறுக்கும் கூடம் கழிக்கு அந்தப் பக்கம் பாந்த்ராவில் இருந்ததால் பச்சைத்தோலும் பக்கத்திலேயே கிடைத்தது. தமிழ் முஸ்லிம்கள் கட்டிய பெரிய பள்ளிவாசல் 1887-லிருந்து இருக்கிறது. பிள்ளையார் கோயில் 1913-ல் வந்தது. ஆதிதிராவிடர்கள், நாடார்கள், பின்னாளில் பல சாதியினர் என்று ஊரே வந்து சேர்ந்தது. ‘நாயக’னும் ‘காலா’வும் காட்டிய தாராவியில் வீரம் நிறைய இருக்கிறது. மண் கொட்டிய வேலையைத்தான் சினிமா அதிகம் காட்டவில்லை.

அந்த வேலையில் இன்ஜினீயர் யாரும் இல்லை. குப்பை, கட்டட இடிபாடு, சாம்பல், மட்டை, கையில் கிடைத்தது எல்லாம் சேற்றில் போடப்பட்டது. அதன்மேல் குடிசை, குடிசை நின்ற தைரியத்தில் அடுத்த அடி. கீழே இருப்பது கடற்களிமண். பார்க்கக் கெட்டியாகத் தெரிந்தாலும், அதன் நுண்துகள்களுக்கு நடுவே நிறையத் தண்ணீர் அடைபட்டிருக்கும். மேலே பாரம் ஏறினால் அந்தத் தண்ணீர் மெல்ல மெல்லப் பிதுங்கி வெளியேறும். மணலில் சில நாளில் முடிகிற காரியம் களிமண்ணில் பல வருஷம் இழுக்கும். அதுவரை தரை அமுங்கிக்கொண்டே இருக்கும், அதுவும் ஒரே சீராக அல்ல. வீட்டுக்காரர் தளத்தை உயர்த்துவார். மாநகராட்சி ரோட்டை உயர்த்தும். அப்போது பழைய வீடு ரோட்டைவிடப் பள்ளமாகிவிடும். மறுபடி தளத்தை உயர்த்துவார். கிராஸ் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பும் சந்துகளில் சில வீடுகளுக்குப் படி இறங்கிப் போக வேண்டியிருப்பதும், கதவுநிலைக்குக் குறுக்கே முழங்கால் உயரத்துக்கு சிமென்ட் தடுப்பு இருப்பதும் இந்தப் போட்டியால்தான்.

மாட்டுங்கா வேறு வழியில் காய்ந்தது. 1896-ல் பம்பாயில் பிளேக் வந்தது. நெருக்கடியான தெருக்களில் ஜனங்கள் செத்து விழுந்ததைக் கண்டு அரசு 1898-ல் இம்ப்ரூவ்மென்ட் டிரஸ்ட் ஒன்றை அமைத்தது. டிரஸ்ட் தாதர், மாட்டுங்கா, சயான் பக்கம் நிலங்களைக் கையகப்படுத்தி, அகலச் சாலை, வட்டப் பூங்கா, கட்டடத்துக்குக் கட்டடம் இடைவெளி என்று அளந்து கோடு போட்டது. அந்தக் கோடுகளுக்குள் 1920-களிலிருந்து வந்து அமர்ந்தவர்கள் தஞ்சாவூர், பாலக்காட்டுப் பக்கத்து குமாஸ்தாக்களும் டைப்பிஸ்டுகளும். தென்னிந்தியக் கல்விச் சங்கம் 1932-ல்; கஃபே மெட்ராஸ் 1940-ல்; சண்முகானந்த சபா 1952-ல். காபி மணமும் கச்சேரியும் சேர்ந்த அந்த மாட்டுங்காவுக்கும் தாராவிக்கும் நடந்தே போய்வரலாம். ஒன்றில் சர்க்கார் மண் கொட்டிவிட்டுக் குடியிருப்பவரைக் கூப்பிட்டது. மற்றதில் குடியிருப்பவரே மண் கொட்டினார்.

டிராம்பே தீவுக்கு வந்த மண் நகரத்தின் குப்பை. 1906-ல் குர்லாவிலிருந்து செம்பூருக்குப் போட்ட ரயில் பாதையில் முதலில் போனது குப்பை வண்டிதான். ஜனங்கள் ஏறும் ரயில் 1924-ல்தான் வந்தது. 1927-லிருந்து குப்பை தேவ்னாரில் மலைபோலக் குவிகிறது. சுதந்திரத்துக்குப் பின் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளும் அணுசக்தி நிலையமும் வந்தன. இன்றைய செம்பூரில் நல்ல அடுக்குமாடிகளும் உண்டு. சேடா நகரில் முருகன் படியேறித் தரிசிக்கும் உயரத்தில் இருக்கிறார். சதுப்புச் சமவெளியில் குன்றுக்கு எங்கே போவது, படிக்கட்டையே குன்றாக்கிவிட்டார்கள். ஆனால் அதே செம்பூருக்குக் கிழக்கே, கழியோரச் சேற்றில் சீத்தா கேம்ப் இருக்கிறது. அணு நிலையத்தை ஒட்டியிருந்த ஜனதா காலனியின் 70,000 பேரை 1976-ல் நெருக்கடி நிலைக் காலத்தில் அங்கே கொண்டுபோய் விட்டார்கள். கோலார் தங்கவயலிலிருந்து வந்த ஜோக்கின் அற்புதம் முன்னின்று நடத்திய நீண்ட போராட்டம் அந்த வெளியேற்றத்தைத் தள்ளிப்போட்டதே தவிரத் தடுக்க முடியவில்லை. அவருக்கு 2000-ல் மகசேசே விருது கிடைத்தது. தமிழ் பேசும் குடும்பங்கள் இன்றும் அங்கே ஏராளம். நவம்பர் முதல் மே வரை பக்கத்துக் கழியில் பூநாரைகள் ஆயிரக்கணக்கில் இறங்குகின்றன. நகரத்தின் சாக்கடைச் சத்தில் செழிக்கும் பாசிதான் அவற்றுக்கு விருந்து. ஒரு கழிவு இப்படியும் பயன்படுகிறது.

இனி தண்ணீரைப் பார்க்கலாம். மழைக்காலத்தில் தாராவியில், “இன்னைக்கு ஹைடைட் எத்தன மணிக்குன்னு பாருல” என்ற பேச்சு சாதாரணம். சென்னையிலோ ராமேஸ்வரத்திலோ யாரும் அப்படிக் கேட்பதில்லை. அங்கே ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் வித்தியாசம் ஒரு மீட்டர் இருந்தால் அதிகம். மும்பைக்கு எதிரே ஆழம் குறைந்த கண்டத்திட்டு சுமார் 300 கிலோமீட்டர் அகலத்துக்கு நீண்டு கிடக்கிறது. ஆழ்கடலில் அடக்கமாக வரும் ஓதம் அந்த மேட்டில் ஏறும்போது உயர்கிறது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி மும்பையில் வித்தியாசம் 4 மீட்டரைத் தாண்டும். இன்னும் வடக்கே, புனல்போலக் குறுகும் காம்பே வளைகுடாவில் அது இரட்டிப்பாகிறது.

டி.வி.யில் “5 மீட்டர் உயரத்துக்கு அலை எழும்பும்” என்று அலறுவார்கள். அது தவறு. அந்த எண் அலையின் உயரத்தைக் குறிப்பதில்லை. கடற்படங்களில் அடையாளமாக வைத்திருக்கும் மிகத் தாழ்ந்த வற்ற மட்டத்திலிருந்து அளந்த நீர்மட்டம் அது. மும்பையில் சராசரிக் கடல்மட்டமே அந்தக் கணக்கில் சுமார் 2.5 மீட்டர். ஆக, ஏற்ற நேரத்தில் கடல் சராசரியைவிட இரண்டு, இரண்டரை மீட்டர் உயர்ந்து நிற்கும். அலை பயமுறுத்தும் அளவுக்கு இல்லாவிட்டாலும் வடிகாலுக்கு அது போதும். மழைநீர் கடலில் விழும் வாய்கள் மும்பையில் 186. அவற்றில் 45 சராசரிக் கடல்மட்டத்துக்கும் கீழே. 135 அதற்கு மேலே, ஆனால் ஏற்ற மட்டத்துக்குக் கீழே. எந்த நேரமும் தாராளமாக வடியக்கூடியவை 6 மட்டுமே. மற்றவற்றில் கடல் ஏறும்போது மழைநீர் வெளியே போகாது. மதகு இல்லாத இடத்தில் கடல்நீரே உள்ளே வரும்.

பழைய வடிகால்கள் மணிக்கு 25 மில்லிமீட்டர் மழைக்காக அமைத்தவை. அதை 50 ஆக்கும் திட்டத்துக்கு 1993-லேயே அறிக்கை தயார். வேலை நத்தை வேகத்தில் நடந்துகொண்டிருந்தபோது 2005 ஜூலை 26 வந்தது. 24 மணி நேரத்தில் சாந்தாகுரூஸில் 944 மில்லிமீட்டர் கொட்டியது. சதுர கிலோமீட்டருக்கு 94 கோடி லிட்டருக்கும் மேல். அதே நாளில், அதே தீவின் தென்கோடியில், கொலாபாவில் பெய்தது 74 மில்லிமீட்டர்! பிற்பகலில் கடலும் ஏறியிருந்தது. நகரத்தில் 400 பேருக்கு மேல் இறந்தார்கள்.

அன்று பொங்கியது மித்தி. விஹார், பவாய் ஏரிகளின் உபரிநீரைச் சுமந்து, சுமார் 18 கிலோமீட்டர் ஓடி, தாராவிக்கும் பாந்த்ரா-குர்லா வளாகத்துக்கும் நடுவே நுழைந்து மாஹிமில் கடல் சேரும் ஆறு. அந்த வளாகம் நிற்பதும் சதுப்பில்தான். அங்கே மண் கொட்டியது சர்க்கார் என்பதால் அதற்கு ஆக்கிரமிப்பு என்ற பெயர் வரவில்லை. வங்கித் தலைமையகங்களின் கண்ணாடிச் சுவர்களும் தாராவியின் தகரக் கூரைகளும் ஒரே கழியின் இரண்டு கரைகளை இரண்டு பக்கமிருந்தும் நெருக்கியவை. வெள்ளம் வந்ததும் விரல் நீண்டது ஒரு கரையை நோக்கி மட்டும். நடுவில் மிஞ்சியிருப்பது அலையாத்திக் காடு. பெரும்பாலும் வெண்கண்டல் மரங்கள். சேற்றிலிருந்து பென்சில் நட்டாற்போல நிற்கும் மூச்சுவேர்கள் நீரின் வேகத்தை மட்டுப்படுத்தி வண்டலைப் பிடித்துவைக்கும். வெள்ளம் வந்த அதே ஆண்டு அக்டோபரில் பம்பாய் உயர்நீதிமன்றம் அவற்றை வெட்டவும் அவற்றைச் சுற்றி 50 மீட்டருக்குள் கட்டவும் தடை விதித்தது.

பள்ளத்தை நிரப்பிய இடங்களில் தண்ணீர் தேங்குவது மாட்டுங்காவுக்கும் விலக்கில்லை. கிங்ஸ் சர்க்கிள், காந்தி மார்க்கெட், கொஞ்சம் தெற்கே ஹிந்த்மாதா. ஒவ்வொரு ஜூலையிலும் செய்தித்தாளில் முழங்கால் தண்ணீரில் பஸ் நிற்கும் படம் இந்த இடங்களிலிருந்துதான் வரும். இரண்டு குன்று வரிசைகளுக்கும் இடைப்பட்ட பழைய பள்ளம் இது. நடுக்குழிந்த தாம்பாளத்தில் ஊற்றிய நீர்போல எல்லாத் திசையிலிருந்தும் இங்கே வந்து கூடுகிறது. கடற்கரையில் பெரிய பம்புகளும் பூங்காவுக்கடியில் தொட்டிகளும் வைத்திருக்கிறார்கள். முன்பைவிட வேகமாக வடிகிறது. வந்து சேராமல் இருக்க வழியில்லை.

தாராவியை இடித்துக் கட்டும் திட்டம் 2022-ல் அதானி குழுமத்துக்குப் போனது. 2000 ஜனவரி 1-க்கு முன்பிருந்து தரைத்தளத்தில் குடியிருப்பதை நிரூபிக்க முடிந்தவர்களுக்கு அங்கேயே வீடு. மற்றவர்களுக்கு வெளியே. அந்த வெளியிடங்களாக 2024-ல் ஒதுக்கியவற்றில் முலுண்டு, பாண்டுப், காஞ்சூர்மார்க் பக்கத்து உப்பளங்கள் 256 ஏக்கர் அளவுக்கு வருகின்றன. தேவ்னார் குப்பைமேட்டில் 124 ஏக்கர் வருகிறது. உப்பளம் என்றால் ஏற்றநீர் தானாக உள்ளே வரும்படி தாழ்ந்திருக்கும் நிலம். மழைக்காலத்தில் உப்பு விளைவதில்லை. அப்போது அந்தப் பாத்திகள் கிழக்குப் புறநகரின் வெள்ளத்தைக் கொஞ்ச நேரம் வாங்கி வைத்துக்கொள்கின்றன. அதன்மேல் கட்டடம் எழும்பினால் அந்தத் தண்ணீர் எந்தப் பக்கம் போகும் என்பதைச் சுற்றுச்சூழல் அனுமதிக் காகிதங்களில் விவரமாகக் கேட்க வேண்டும். போகிறவர்களில் பலருடைய தாத்தாவும் பாட்டியும் ஏற்கெனவே ஒரு சதுப்பை மேடாக்கியவர்கள். இந்த முறை மண்ணை பில்டர் கொட்டுவார்; அது அமுங்க எடுக்கும் வருஷங்களில் உள்ளே குடியிருக்கப் போவது அவர்கள்தான்.